மெயில் கணக்கை பொப்ல இருந்து ஐமேப்புக்கு மாத்துறது எப்படி, பழைய மெயில் ஒண்டும் தொலையாம

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் சின்ன ஒஃபிஸ், அரிசி மில், கெஸ்ட் ஹவுஸ், பார்மசி எண்டு நடத்துற கனபேருக்கு இன்னும் மெயில் ஒரே ஒரு கொம்பியூட்டர்லதான் கிடக்கு. எப்பவோ ஒரு பெடியன் வந்து அவுட்லுக் போட்டுக் குடுத்திட்டு போயிருப்பான், இப்ப அவன் கட்டார்ல, மெயில் எந்த இடத்தில சேமிக்குது எண்டு ஒஃபிஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப எல்லாருக்கும் போன்லயும் மெயில் வேணும், புது லெப்டொப்லயும் வேணும், அதுக்குத்தான் கணக்கை பொப்ல (மெயில ஒரு கொம்பியூட்டருக்கு இறக்கி வைக்கிற முறை) இருந்து ஐமேப்புக்கு (மெயில் சேர்வர்லயே, எண்டா மெயில் தாற கம்பனிட கொம்பியூட்டர்லயே, இருக்கிற முறை) மாத்த வேண்டி வருது. நான் வேலை செய்யிற இடத்தில இந்த அலுவல் என்ட தலையில விழுந்து, ஒவ்வொருத்தரா கேட்டு கேட்டு, நல்லா அலைஞ்சுதான் முடிச்சன். நீங்க அப்படி அலையத் தேவையில்ல எண்டுதான் இதை எழுதுறன்.

ஒண்டை மட்டும் முதல்லயே சொல்லிடுறன். பொப் கணக்கில வந்த மெயில் உங்கட கொம்பியூட்டர்ல மட்டும்தான் இருக்கு எண்டு நினைச்சே எல்லா வேலையும் செய்ங்க. பெக்கப் எடுத்து, அது வேற ஒரு கொம்பியூட்டர்ல திறக்குது எண்டு கண்ணால பார்த்த பிறகுதான் கணக்கில கை வைக்கணும். இந்த ஒழுங்கை மாத்தினா பிறகு திருத்த ஏலாது.

1. உங்கட கணக்கு எந்த வகை எண்டு பாருங்க

அவுட்லுக்ல ஃபைல், அதுக்குள்ள அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதுக்குள்ள திரும்பவும் அக்கவுண்ட் செட்டிங்ஸ். ஒரு சின்ன ஜன்னல் வரும், அதுல உங்கட மெயில் முகவரிக்குப் பக்கத்தில டைப் எண்டு ஒரு வரிசை இருக்கும். பொப் எண்டு இருந்தா தொடர்ந்து வாசிங்க. ஐமேப் எண்டு இருந்தா உங்களுக்கு மாத்துற வேலை இல்ல, பெக்கப் பகுதிய மட்டும் பாருங்க.

பொப் எண்டா மெயில சேர்வர்ல இருந்து கொம்பியூட்டருக்கு இறக்கி எடுத்துக் கொள்ளும், செட்டிங்கப் பொறுத்து சேர்வர்ல இருந்து அழிச்சும் விடும். ஐமேப்ல மெயில் சேர்வர்லயே இருக்கும், கொம்பியூட்டர், போன், லெப்டொப் எல்லாம் அந்த ஒரே பெட்டிய பார்க்கும். அதால ஐமேப்ல ஒரு இடத்தில அழிச்சா எல்லா இடத்திலயும் அழியும், இதை ஒஃபிஸ்ல உள்ள எல்லாருக்கும் முதல்லயே சொல்லி வைங்க.

பொப்ல இன்னொரு விசயம், இதைத்தான் கனபேர் யோசிக்கிறதில்ல: பொப் இன்பொக்ஸ மட்டும்தான் இறக்கும். நீங்க அனுப்பின மெயில், நீங்களா உண்டாக்கின ஃபோல்டர், கொன்டாக்ட், கலண்டர் எல்லாம் அந்தக் கொம்பியூட்டர்ல மட்டும்தான். சேர்வர்ல பிரதி இருக்கு எண்டு நம்பி கொம்பியூட்டர ஃபோர்மட் பண்ணினா அனுப்பின மெயில் ஒண்டும் திரும்பி வராது.

2. இண்டைக்கே செய்ய வேண்டிய ஒரு டிக்

பெக்கப் நாளைக்கு எடுத்தாலும் பரவாயில்ல, இதை மட்டும் இண்டைக்கே செய்ங்க. அதே அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல கணக்கைத் தெரிவு செஞ்சு சேஞ்ச், மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட். அடியில டெலிவரி எண்டு இருக்கும். லீவ் எ கொப்பி ஒஃப் மெசேஜஸ் ஒன் த சேர்வர் எண்டதுக்கு டிக் போடுங்க. அதுக்குக் கீழ 14 நாளைக்குப் பிறகு சேர்வர்ல இருந்து நீக்கு எண்டு ஒண்டு இருந்தா அந்த டிக்க எடுத்து விடுங்க.

ஏன் எண்டா, சம்மாந்துறையில மில் வச்சிருக்கிற ஒரு காக்கா எனக்கு கோல் எடுத்து, "தம்பி, விடிய போன்ல பார்த்த மெயில் பத்து மணிக்கு இல்ல, யாரும் என்ட போனத் தொட்டும் இல்ல, இது என்ன கத?" எண்டார். போய்ப் பார்த்தா போன்ல ஐமேப், மில் ஒஃபிஸ்ல பொப், மேல சொன்ன டிக் இல்ல. விடிய எட்டரைக்கு ஒஃபிஸ்ல வேலை செய்யிற தங்கச்சி வந்து அவுட்லுக்கத் திறந்த உடனே அது எல்லாத்தையும் இறக்கிட்டு சேர்வர காலியாக்கிடுது, போன்லயும் காலி. அவர் புது போன் வாங்கிற யோசனையில இருந்தவர், அந்த ஒரு டிக்கோட சரியாப் போச்சு.

3. கையில வச்சிருக்க வேண்டிய விபரங்கள்

இதுகள் இல்லாம தொடங்கினா பாதி வழியில நிப்பீங்க.

மெயில் பாஸ்வேர்ட். அவுட்லுக்ல புள்ளி புள்ளியாத்தான் தெரியும், அதுல இருந்து வாசிக்க ஏலாது. உங்கட சொந்த டொமைன் மெயில் (உங்கட கம்பனி பேர்லயே முடியிற முகவரி) எண்டா ஹோஸ்டிங்காரர்ட (அந்த மெயிலுக்கு சேர்வர்ல இடம் தாறவங்கட) சீ பேனல் எண்ட நிர்வாகப் பக்கத்தில போய் புது பாஸ்வேர்ட் வைக்கலாம், ஆனா வச்ச உடனே எல்லாக் கொம்பியூட்டரும் போனும் புதுசைக் கேட்கும், அதால வேலை நேரத்தில மாத்தாதீங்க.

சேர்வர் விபரம். சீ பேனல்ல ஈமெயில் அக்கவுண்ட்ஸ்ல கனெக்ட் டிவைசஸ் எண்டு ஒரு பக்கம் இருக்கு, அதை பிரிண்ட் எடுத்து வைங்க. பொதுவா ஐமேப்புக்கு போர்ட் (சேர்வரோட இணையிற வாசல் இலக்கம்) 993, அனுப்புறதுக்கு 465, இல்லாட்டி 587. உங்கட பழைய பொப் 995 இல்லாட்டி 110ல இருக்கும். 110 எண்டா பாஸ்வேர்ட் மறைக்காமலே போயிருக்கலாம், மாத்துறதுக்கு அதுவும் ஒரு நல்ல காரணம்.

டொமைன் பில். டொமைன் யாரோட பேர்ல, எந்த மெயில் முகவரிக்கு ரினியூவல் அறிவித்தல் வருது எண்டு பாருங்க. அந்த அறிவித்தல் வாறது நீங்க இப்ப மாத்தப் போற இதே முகவரிக்கு எண்டா இன்னொரு முகவரியும் சேர்த்து விடுங்க.

ரிகவரி நம்பர். ஒஃபிஸ் ஜிமெயில் எண்டா இதுதான் பெரிய தலையிடி. கோட் போற நம்பர் முந்தி வேலை செஞ்ச ஆள்ட நம்பரா இருக்கும், அவர் வெளிநாட்டில, சிம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கணக்கு உங்கட கொம்பியூட்டர்ல இன்னும் திறந்து இருக்கிற நேரத்திலயே உங்கட நம்பர சேருங்க. ஒருக்கா லொக் அவுட் ஆனா உள்ளுக்குப் போறதுக்கு அந்தப் பழைய நம்பரைத்தான் கேட்கும். சிம் தொலைஞ்சு புதுசு எடுக்க வேண்டி வந்தா சிம் யாரோட பேர்ல இருக்கோ அவர்தான் ஐடென்டிட்டி கார்டோட போகணும், அந்த ஆள் ஊர்ல இல்லாட்டி நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

4. எவ்வளவு மெயில், எவ்வளவு இடம், எவ்வளவு நாள்

அவுட்லுக்ல இடப்பக்கம் கணக்குப் பேர்ல ரைட் கிளிக் பண்ணி டேட்டா ஃபைல் ப்ரொப்பட்டீஸ், அதுல ஃபோல்டர் சைஸ். மொத்த அளவு வரும். மறுகா உங்கட ஹோஸ்டிங் பெட்டியில எவ்வளவு இடம் இருக்கு எண்டு பாருங்க. கனபேருக்கு இங்கதான் அடி விழுது: கொம்பியூட்டர்ல 8 ஜிபி மெயில், சேர்வர்ல 5 ஜிபி இடம், எல்லாத்தையும் மேல ஏத்த வெளிக்கிட்டா பெட்டி நிரம்பி புதுசா வாற மெயில் அனுப்பினவருக்கே திரும்பிப் போகும். அறுகம்பே பக்கம் கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு சீசன்ல இப்படி நடந்தா புக்கிங் போச்சு.

என்ட அபிப்பிராயம், சின்ன ஒஃபிஸ்களுக்கு கடைசி இரண்டு வருச மெயில மட்டும் சேர்வர்ல ஏத்தினாக் காணும். அதுக்கு முந்தினதெல்லாம் பெக்கப் ஃபைலா ஹார்ட் டிஸ்க்ல இருக்கட்டும், தேவைப்படுற நேரம் அவுட்லுக்ல திறந்து தேடலாம், காசும் இல்ல நேரமும் மிச்சம்.

நேரக் கணக்க ஒருக்கா போட்டுப் பாருங்க. 6 ஜிபி மெயில, அப்லோட் 2 எம்பிபிஎஸ் உள்ள லைன்ல ஏத்த, லைன் ஒழுங்கா நிண்டாலே கிட்டத்தட்ட 7 மணித்தியாலம். ஸ்பீட் டெஸ்ட்ல பெரிசாக் காட்டுறது டவுன்லோட், நீங்க பார்க்க வேண்டியது அப்லோட். போற இடம் ஜிமெயில் எண்டா இன்னொரு தடையும் இருக்கு, ஐமேப் வழியா ஒரு நாளைக்கு 500 எம்பி வரைக்கும்தான் ஏத்த விடும், இறக்குறது 2500 எம்பி. அப்ப அதே 6 ஜிபி ஜிமெயிலுக்கு எண்டா 12, 13 நாள் எடுக்கும். இது தெரியாம ஒரு இரவில முடிக்கப் பார்த்தா கணக்கை கொஞ்ச நேரத்துக்கு பூட்டி விடுவாங்க, பயப்படாதீங்க, பிறகு திறக்கும்.

செலவு எண்டு பார்த்தா மென்பொருளுக்கு ஒண்டும் தேவையில்ல. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், டேட்டா, தேவைப்பட்டா ஹோஸ்டிங்ல கூடுதல் இடம், இவ்வளவுதான். மெயில் பெக்கப் எடுக்கிறதுக்கு எண்டு இன்டர்நெட்ல காசுக்கு விக்கிற டூல்கள் கனக்க இருக்கு, இலவசம் எண்டு தொடங்கி 25 மெயிலோட நிப்பாட்டி காசு கேட்கும், அது ஒண்டும் உங்களுக்கு வேணாம். உங்கட பேக்கேஜில இரவுக்குத் தனி டேட்டா இருந்தா ஏத்துற வேலைய இரவுக்கு வைங்க.

எப்ப தொடங்கிறது? உங்கட லீவு நாளுக்கு முதல் நாள் பின்னேரம். காத்தான்குடி, சம்மாந்துறை பக்கம் வெள்ளி லீவு எண்டா வியாழன் பின்னேரம், மத்தவங்க சனிக்கிழமை. நவம்பர், டிசம்பர் மாரி நேரத்தில கரண்ட் போய் போய் வரும், யூபிஎஸ் இல்லாம அந்த நேரம் இதைத் தொடங்காதீங்க, மெயில் ஃபைல் எழுதிக் கொண்டிருக்கிற நேரம் கரண்ட் போனா ஃபைல் பழுதாகும். பழுதானா அவுட்லுக்கோட வாற ஸ்கேன் பிஎஸ்டி எண்ட திருத்துற புரோகிராம் இருக்கு, ஆனா அது எல்லாத்தையும் மீட்டுத் தரும் எண்டு சொல்ல ஏலாது.

5. பெக்கப் எடுக்கிறது

முதல்ல ஒரு பேப்பர்ல ஒவ்வொரு ஃபோல்டர்லயும் எத்தனை மெயில் எண்டு எழுதுங்க. ஃபோல்டர்ல ரைட் கிளிக், ப்ரொப்பட்டீஸ், ஷோ டோட்டல் நம்பர் ஒஃப் ஐட்டம்ஸ் எண்டு குடுத்தா எண்ணிக்கை பக்கத்தில தெரியும். இந்தப் பேப்பர் பிறகு தேவைப்படும், எறியாதீங்க.

பொப் கணக்கில மெயில் எல்லாம் ஒரு பிஎஸ்டி ஃபைல்ல இருக்கும். அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல டேட்டா ஃபைல்ஸ் எண்ட டெப்ல அது எங்க இருக்கு எண்டு காட்டும், பொதுவா டொக்கியுமென்ட்ஸ்க்குள்ள அவுட்லுக் ஃபைல்ஸ் எண்ட ஃபோல்டர். பழைய கொம்பியூட்டர்கள்ல ஒண்டுக்கு மேல இருக்கும், ஆர்கைவ் எண்ட பேர்லயும் ஒண்டு கிடக்கலாம், அதை விட்டுட்டுப் போகாதீங்க, பழைய வருசமெல்லாம் அதுக்குள்ளதான். அவுட்லுக்க மூடிட்டு அந்த ஃபைல அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு கொப்பி பண்ணுங்க. திறந்து வச்சிட்டு கொப்பி பண்ண விடாது.

இங்க ஒரு இடறல். பென் டிரைவ்ல 32 ஜிபி காலியா இருக்கும், 5 ஜிபி ஃபைலக் கொப்பி பண்ணினா ஃபைல் பெரிசு எண்டு சொல்லி மறுக்கும். பென் டிரைவ்ல பழுது இல்ல, அது ஃபெட் 32 முறையில இருக்கு, அந்த முறையில 4 ஜிபிக்கு மேல ஒரு தனி ஃபைல வைக்க ஏலாது. அதுல உள்ளதுகள வேற இடத்துக்கு எடுத்திட்டு எக்ஸ் ஃபெட் இல்லாட்டி என்டிஎஃப்எஸ் எண்டு ஃபோர்மட் பண்ணினா எடுக்கும்.

ஐமேப் கணக்கில இருக்கிற ஃபைல் அவுட்லுக் 2013ல இருந்து ஓஎஸ்டி, அதைக் கொப்பி பண்ணி பெக்கப் எண்டு வைக்காதீங்க, வேற கொம்பியூட்டர்ல திறக்காது. ஐமேப்ல இருந்து பெக்கப் எண்டா ஃபைல், ஓப்பன் அன்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட் எக்ஸ்போர்ட் வழியா பிஎஸ்டியா வெளிய எடுக்கணும், சப்ஃபோல்டர்களையும் சேர்க்கிற டிக் போட மறக்காதீங்க. கொன்டாக்ட்ஸ இதே வழியில சிஎஸ்வி (எக்செல்ல திறக்கிற பட்டியல்) ஃபைலாவும் ஒருக்கா எடுத்து வைங்க.

மேல வலப்பக்கம் நியூ அவுட்லுக்குக்கு மாறு எண்டு ஒரு சுவிட்ச் இருக்கும். வேலை முடியிற வரைக்கும் அதைத் தட்டாதீங்க, பிஎஸ்டி வேலைக்கு பழைய கிளாசிக் அவுட்லுக்தான் சரி.

தண்டர்பேர்ட் (அவுட்லுக் மாதிரி ஒரு இலவச மெயில் புரோகிராம்) பாவிக்கிற ஆக்களுக்கு: ஹெல்ப்ல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனா ப்ரொஃபைல் ஃபோல்டர் எண்டு காட்டும், தண்டர்பேர்ட மூடிட்டு அந்த ஃபோல்டர முழுசா கொப்பி பண்ணினாப் போதும். மெயில ஒவ்வொரு ஃபைலா வெளிய எடுக்கிறவங்க கவனம், தலைப்பே ஃபைல் பேரா வரும், எங்கட தமிழ்த் தலைப்பு நீளம், விண்டோஸ்ல மொத்தப் பாதையும் 260 எழுத்துக்கு மேல போனா கொப்பி பண்ண மறுக்கும். டிரைவ்ட முதல் படியிலயே சின்னப் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள எடுங்க.

பாமினி பொண்டையும் சேர்த்து வைங்க. யூனிகோட்டுக்கு முந்தின கடிதங்கள், பிரதேச செயலகத்துக்கு அனுப்பினது, நன்கொடையாளருக்கு அனுப்பின அறிக்கை எல்லாம் பாமினியில அடிச்ச வேர்ட் ஃபைலாத்தான் மெயிலோட கிடக்கும். புதுக் கொம்பியூட்டர்ல அந்த பொண்ட் இல்லாட்டி ஆங்கில எழுத்தும் குறியுமா ஒண்டும் விளங்காமத் தெரியும், கனபேர் ஃபைல் பழுது எண்டு நினைச்சு அழிச்சும் இருக்காங்க.

6. பெக்கப் திறக்குதா எண்டு பாருங்க

ஹார்ட் டிஸ்க்க வேற ஒரு கொம்பியூட்டருக்குக் கொண்டு போங்க, அவுட்லுக் உள்ள தெரிஞ்ச ஆள்ட வீடோ கடையோ எதுவும் சரி. அங்க ஃபைல், ஓப்பன் அன்ட் எக்ஸ்போர்ட், ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல். திறந்ததும் சென்ட் ஐட்டம்ஸ்ல ஆகப் பழைய வருசத்துக்குப் போய், அட்டாச்மென்ட் உள்ள ஒரு மெயிலத் திறந்து அந்த பிடிஎஃப் உண்மையாத் திறக்குதா எண்டு பாருங்க. பேப்பர்ல எழுதின எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. பார்த்து முடிய அந்தக் கொம்பியூட்டர்ல இருந்து க்ளோஸ் பண்ணிட்டு வாங்க.

இன்னொரு பிரதி வேற வீட்டில இருக்கணும். ஒஃபிஸ் மேசைக்குக் கீழ கொம்பியூட்டரும் அதே மேசை லாச்சியில ஹார்ட் டிஸ்க்கும் எண்டா, வெள்ளம் வந்தா இரண்டும் ஒண்டாப் போகும். 2011 ஜனவரி வெள்ளத்த நினைவிருக்கிறவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல.

கடையில கொம்பியூட்டர் திருத்தக் குடுக்கிறவங்க, டேட்டா பெக்கப் எடுங்க எண்டு சொன்னா மட்டும் போதாது. கனபேர் டெஸ்க்டொப்பையும் டி டிரைவையும்தான் பார்ப்பாங்க. பிஎஸ்டி ஃபைல் இந்தப் பாதையில இருக்கு எண்டு எழுதிக் குடுங்க, அல்லது நீங்களே எடுத்திட்டுக் குடுங்க.

7. ஐமேப் கணக்கைச் சேர்க்கிறது

பொப் கணக்கையே ஐமேப்பா மாத்துற பட்டன் அவுட்லுக்லயும் இல்ல தண்டர்பேர்ட்லயும் இல்ல. அதே முகவரிய புதுசா ஐமேப்பா சேர்த்து, பழசை பிறகு எடுக்கிறதுதான் வழி. ஃபைல்ல அட் அக்கவுண்ட் குடுத்து, நானே செட் பண்ணுறன் எண்ட தெரிவ எடுத்து, ஐமேப் தெரிவு செஞ்சு, பிரிண்ட் எடுத்து வச்ச விபரத்தப் போடுங்க. ஏற்கனவே இந்த முகவரி இருக்கு எண்டு மறுத்தா கன்ட்ரோல் பேனல்ல மெயில் எண்ட ஐகன் வழியாப் போய் கையால சேருங்க.

ஜிமெயில் எண்டா சேர்வர் பேர் ஐமேப் டாட் ஜிமெயில் டாட் கொம். பழைய அவுட்லுக் 2010, 2013ல சாதாரண பாஸ்வேர்ட் எடுக்காது, சரியா அடிச்சாலும் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டே இருக்கும். அதுக்கு கூகுள் கணக்கில டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, மறுகா ஆப் பாஸ்வேர்ட் எண்டு ஒண்டு உண்டாக்கணும், 16 எழுத்து, ஒருக்காத்தான் காட்டும், அப்பவே எழுதுங்க. பிறகு எப்பவாவது கூகுள் பாஸ்வேர்ட மாத்தினா ஆப் பாஸ்வேர்டும் செல்லாமப் போகும், புதுசா எடுக்கணும்.

சேர்த்த பிறகு இடப்பக்கம் ஒரே முகவரி இரண்டு தரம் தெரியும். ஒண்டு பழசு, ஒண்டு புதுசு. அடையாளத்துக்கு புதுக் கணக்குப் பேர்ல ஐமேப் எண்டு சேர்த்து எழுதுங்க, இல்லாட்டி மாறி அழிச்சிடுவீங்க.

8. பழைய மெயில மேல ஏத்துறது

மவுஸால இழுத்துப் போடாதீங்க. இழுத்தா மூவ் ஆகும், பாதியில லைன் கட்டானா எது போச்சு எது நிண்டது எண்டு பார்க்கிறது பெரிய கரைச்சல். மெயில்களத் தெரிவு செஞ்சு கன்ட்ரோல், ஷிஃப்ட், வை மூண்டையும் ஒண்டா அமத்தினா கொப்பி டூ ஃபோல்டர் வரும். ஐமேப் பக்கம் வருசத்துக்கு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, ஒரு தடவைக்கு சில நூறு மெயிலா ஏத்துங்க. கீழ ஸ்டேட்டஸ் பார்ல வேலை முடிஞ்சது எண்டு வந்த பிறகு அடுத்தத. பிரௌசர்ல வெப்மெயிலத் திறந்து அங்கயும் வந்திருக்கா எண்டு பாருங்க, அவுட்லுக்ல தெரியிறது மட்டும் சாட்சி இல்ல, அது இன்னும் சேர்வருக்குப் போகாமலும் இருக்கலாம்.

சென்ட் எண்டும் சென்ட் ஐட்டம்ஸ் எண்டும் இரண்டு ஃபோல்டர் வந்தா பதறாதீங்க, போன் ஒண்டிலயும் அவுட்லுக் மத்ததிலயும் போடுது. போன் செட்டிங்ஸ்ல சென்ட் ஃபோல்டர் எது எண்டு ஒண்டாக்கி விடலாம்.

9. ஜிமெயில் மட்டும் பாவிக்கிற ஆக்கள்

பெக்கப்புக்கு கூகுள் டேக்அவுட் (உங்கட கூகுள் டேட்டாவ பிரதி எடுத்து இறக்குற இடம்) பக்கத்துக்குப் போங்க. முதல்ல எல்லா டிக்கையும் எடுத்திட்டு மெயில் எண்டதுக்கு மட்டும் போடுங்க, இல்லாட்டி போட்டோவும் சேர்ந்து மலை மாதிரி வரும். ஃபைல் அளவு 2 ஜிபி எண்டு வைங்க, லைன் கட்டானாலும் ஒரு துண்டத் திரும்ப இறக்கினாக் காணும். தயாராக சில மணித்தியாலமோ சில நாளோ எடுக்கும், கொம்பியூட்டர அணைச்சிட்டுப் போகலாம். மெயில்ல வாற லிங்க் ஒரு கிழமை மட்டில்தான் செல்லும். வாற எம்பொக்ஸ் ஃபைல தண்டர்பேர்ட்ல திறக்கலாம், இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி எண்ட இலவச அட் ஒன் தேவை. இலவச 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்ல, டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து, அதுவும் நிரம்பினா மெயில் வராது.

கம்பனி டொமைன் மெயில ஜிமெயிலுக்குள்ள பொப் வழியா இழுத்து வாசிக்கிற ஆக்களும் கவனிங்க, 2026ல அந்த வசதிய நிப்பாட்டுறதா கூகுள் அறிவிச்சிட்டுது. ஜிமெயில் ஆப்ல அந்தக் கணக்கை ஐமேப்பா தனியாச் சேர்த்தா போன்ல வழமை போலப் பார்க்கலாம்.

10. பழைய பொப் கணக்கை எப்ப எடுக்கிறது

அவசரப்படாதீங்க. இரண்டு கிழமை இரண்டையும் வச்சிருங்க, ஆனா பொப் பக்கம் இரண்டாம் படியில சொன்ன டிக் இருக்கணும். போன்ல இருந்து அனுப்பினது கொம்பியூட்டர்ல தெரியுதா, கொம்பியூட்டர்ல அழிச்சது போன்ல அழியுதா எண்டு பார்த்து எல்லாம் சரி எண்டா பொப்ப நீக்கலாம். அவுட்லுக்ல கணக்கை நீக்கினாலும் பிஎஸ்டி ஃபைல் டிஸ்க்ல இருக்கும். முதல்ல வேற டேட்டா ஃபைல டிஃபோல்ட் ஆக்கு எண்டு கேட்டா ஐமேப் ஃபைல டிஃபோல்ட் ஆக்கிட்டு நீக்குங்க. தண்டர்பேர்ட்ல நீக்கும்போது மெசேஜ் டேட்டாவையும் நீக்கவா எண்டு ஒரு கட்டம் வரும், அதுக்கு டிக் போட்டா மெயிலும் சேர்ந்து போகும், போடாதீங்க.

பழைய கொம்பியூட்டர யாருக்கும் குடுக்கிறது, விக்கிறது எண்டா இன்னும் ஒரு மாசமாவது பொறுங்க, ஏதாவது ஒரு ஃபோல்டர் விடுபட்டது அந்த நேரத்திலதான் தெரிய வரும். ஹார்ட் டிஸ்க்குக்கு மேல எந்தக் கணக்கு, எந்தத் திகதி வரைக்கும் உள்ள மெயில் எண்டு எழுதி ஒட்டுங்க. ஐமேப்புக்கு மாறின பிறகும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிஎஸ்டியா ஒரு பிரதி வெளிய எடுத்து அதே டிஸ்க்ல போடணும், சேர்வர்ல இருக்கு தானே எண்டு விட்டா ஒருத்தர் தவறுதலா ஒரு ஃபோல்டர அழிச்சாலும் எல்லா இடத்திலயும் போயிடும். இந்த வேலைக்கு ஒஃபிஸ்ல ஒரு ஆள்ட பேரைக் குறிச்சு, அவர் இல்லாட்டி யார் எண்டும் சேர்த்து எழுதி அந்த சேர்வர் விபரப் பிரிண்டோட ஒரே ஃபைல் கவர்ல வைங்க.